கிளவுஸ் ஒரு ஜோடிதான்

"ஆடப்போறதில்லைன்னு தெரிஞ்சே ஒருத்தரை எதுக்கு மாமா லண்டன் வரைக்கும் அனுப்புறாங்க?"

கேட்டவன் அக்கா மகன். டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவன். விடுமுறைக்கு மயிலாப்பூர் வந்தால் தாத்தாவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தே தீர வேண்டும். அவன் கேட்டது நாராயண் ஜெகதீசனைப் பற்றி. 2025 ஜூலையில் மான்செஸ்டர் டெஸ்டில் ரிஷப் பந்த்தின் வலது கால் எலும்பு முறிந்தது. கடைசி டெஸ்ட் சில நாள்களில் லண்டன் ஓவலில். கீப்பிங் செய்ய துருவ் ஜுரெல் அணியிலேயே இருந்தார். ஆனால் ஜுரெல் முதல் கீப்பராகிவிட்டால் இரண்டாவது கீப்பர் யார்? அதற்காகத்தான் கோயம்புத்தூர்க்காரரான ஜெகதீசனுக்கு அவசர அழைப்பு போனது. இந்தியா 6 ரன்னில் ஜெயித்த அந்த ஆட்டத்தை அவர் வெளியில் உட்கார்ந்துதான் பார்த்தார்.

இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. லஸ் பக்கத்தில் இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

கிரிக்கெட் அணியில் மற்ற எல்லா வேலைகளையும் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்திக்கொள்ளலாம். மூன்றாவது தொடக்க ஆட்டக்காரர் நன்றாக ஆடுகிறாரா, அவரை ஐந்தாவது இடத்தில் இறக்கலாம். பந்து திரும்புகிற ஆடுகளமா, வெளியில் இருக்கும் சுழல் பந்து வீச்சாளருக்கு வாய்ப்பு வரும். பச்சைப் புல் இருந்தால் வேகப் பந்து வீச்சாளருக்கு. கீப்பர் வேலை மட்டும் அப்படியல்ல. ஆடுகளம் எப்படி இருந்தாலும், எதிரணி யாராக இருந்தாலும், ஸ்டம்புக்குப் பின்னால் ஒரே ஆள்தான். முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், அல்லது அவர் தொடர்ந்து சொதப்ப வேண்டும், அல்லது அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நடக்கும்வரை இரண்டாமவருக்கு வேலை இல்லை. மூன்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

"எங்க ஊர்ல குவார்ட்டர்பேக் மாதிரி," என்றான் பையன்.

சரியாகத்தான் சொன்னான். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு தாக்குதலையும் தொடங்கி, பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர் குவார்ட்டர்பேக். களத்தில் அவர் ஒருவர்தான். பின்னால் ஒருவரோ இருவரோ வாரக்கணக்காகத் தயாராகிவிட்டு ஓரமாக நிற்பார்கள். 2018 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு சூப்பர் பவுல் கோப்பையை வாங்கித் தந்த நிக் ஃபோல்ஸ், முதல் ஆளுக்கு முழங்காலில் அடிபட்டதால் உள்ளே வந்தவர். அன்று அவரிடம் தோற்ற டாம் பிரேடியும் 2001-ல் வேறொருவருக்கு அடிபட்டதால்தான் இடம்பிடித்தார். 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அணி ஒரு பெரிய ஆட்டத்துக்கு இரண்டு குவார்ட்டர்பேக்குகளோடு வந்து, இரண்டு பேருக்கும் அடிபட்டு, எறிய ஆளில்லாமல் தோற்றது. அடுத்த சீசனுக்குள் மூன்றாவது ஆளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ள விதியே வந்துவிட்டது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அவன்தான். எங்கள் ஊர்க் கதைகளைச் சொல்லும் முறை எனக்கு.

முதலில், வெளியில் இருக்கும் கீப்பர் சும்மா இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஆட்டத்துக்கு முன் நெட்ஸில் சுழல் பந்துக்கு நின்று பிடிக்கிறார். த்ரோ-டவுன் போடுகிறார். தண்ணீர் கொண்டு ஓடுகிறார். இதற்கு நடுவில் அணியின் எல்லாப் பந்து வீச்சாளர்களின் கையையும் படித்து வைத்திருக்க வேண்டும். பும்ராவின் பந்து கையில் எப்படி வந்து விழும், ஜடேஜாவின் பந்துகளில் எது திரும்பாமல் நேரே வரும் என்பதெல்லாம் தெரியாமல் திடீரென்று கிளவுஸ் போட்டால் பை ரன்கள்தான் மிச்சம்.

திடீரென்று போட வேண்டியும் வரும். முன்பெல்லாம் மாற்று ஆட்டக்காரர் கீப்பிங் செய்யக் கூடாது என்பது விதி. கீப்பருக்கு அடிபட்டால், களத்திலிருக்கும் பதினொருவரில் யாராவது கிளவுஸை மாட்டிக்கொள்ள வேண்டும். எதிரணித் தலைவர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டால் ஒழிய வேறு வழியில்லை. 1986-ல் லார்ட்ஸில் நியூசிலாந்துக்கு எதிராக இங்கிலாந்து கீப்பர் புரூஸ் ஃபிரெஞ்ச் தலையில் அடிபட்டபோது, ஓய்வு பெற்று விருந்தினர் கூடாரத்தில் கடமையாற்றிக்கொண்டிருந்த 45 வயது பாப் டெய்லரைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள். அவரும் வந்து, அப்பழுக்கில்லாமல் பிடித்தார். 2017-ல் விதிகளைத் திருத்தி எழுதியபோது, நடுவர்கள் சம்மதித்தால் மாற்று ஆட்டக்காரர் கீப்பிங் செய்யலாம் என்று மாற்றினார்கள். 2021 ஜனவரியில் சிட்னியில் பந்த் முழங்கையில் அடிவாங்கியபோது விருத்திமான் சாஹா நின்றார். 2025-ல் லார்ட்ஸிலும் மான்செஸ்டரிலும் ஜுரெல் நின்றார். ஆக, வெளியூர்ப் பயணத்தில் இரண்டாவது கீப்பர் என்பது அலங்காரம் இல்லை. வீட்டில் ஸ்டெப்னி டயர் இருந்து என்ன பயன், காரில் இருக்க வேண்டும்.

அப்படியானால் அந்த இடத்துக்கு நாட்டிலேயே இரண்டாவது சிறந்த கீப்பரைத்தானே எடுக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பெரும்பாலும் அப்படி எடுப்பதில்லை. இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள நம் ஊரை விடச் சிறந்த இடம் கிடையாது. இந்திய கீப்பர் இடம் கைமாறிய கதைகளில் எத்தனை கதைகள் சென்னையில் நடந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

1964 ஜனவரி. டெஸ்ட் ஆட்டங்கள் அப்போது சேப்பாக்கத்தில் இல்லை, சென்ட்ரல் பக்கம் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். ஃபரூக் என்ஜினியருக்கு உடம்பு சரியில்லை என்பதால் புதி குந்தரன் உள்ளே வந்தார். முதல் நாள் முடிவில் 170 நாட் அவுட். மறுநாள் 192-ல் அவுட். அந்தத் தொடரில் மட்டும் 525 ரன். இந்திய கீப்பர் ஒருவர் ஒரு இன்னிங்ஸில் எடுத்த அதிக ரன் என்று 192 அரை நூற்றாண்டு நின்றது. இவ்வளவுக்குப் பிறகு இடம் அவருக்கே நிரந்தரமாகியிருக்கும் என்றுதானே நினைப்போம்?

மூன்றே வருஷம். 1967 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் வந்திருந்தது. முதல் இரண்டு டெஸ்டில் குந்தரன் நின்றார், பம்பாயில் 79 ரன்னும் எடுத்தார். மூன்றாவது டெஸ்ட் சேப்பாக்கத்தில். என்ஜினியரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஹால், கிரிஃபித், சோபர்ஸ், கிப்ஸ் என்று அன்றைய உலகத்தின் மிகப் பயங்கரமான பந்து வீச்சை முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் அடித்து 94 எடுத்துவிட்டார். இன்னும் ஆறு எடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு முன் சதம். 109-ல் ஆட்டமிழந்தார். அந்தக் காலையைப் பார்த்தவர்கள் மயிலாப்பூரில் இன்னும் இருக்கிறார்கள். பேச்சுக் கொடுத்தால் உங்கள் மதியச் சாப்பாடு தவறிவிடும், ஜாக்கிரதை.

குந்தரன் என்ன ஆனார்? அதே வருஷம் இங்கிலாந்துப் பயணத்தில் இருந்தார். கிளவுஸ் என்ஜினியரிடம். எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம்ம வெங்கட்ராகவன் நால்வரையும் ஒன்றாக இறக்கியதில் புதுப் பந்தை வீச ஆளில்லாமல் போயிற்று. குந்தரனை வீசச் சொன்னார்கள்! ஒரு கீப்பர் தொடக்க ஆட்டக்காரராகவும் தொடக்கப் பந்து வீச்சாளராகவும் நின்ற டெஸ்ட் அது. அதுதான் அவருடைய கடைசி டெஸ்டும். பிறகு ஸ்காட்லாந்துக்குப் போய்க் குடியேறி, அந்த நாட்டுக்காகவும் ஆடினார்.

குந்தரனிடம் ஒன்றைக் கவனித்தீர்களா? கிளவுஸ் போன பிறகும் அவர் அணியில் இருந்தார். மட்டையால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தவர்கள் கதை இன்னும் விசித்திரம். 1971-ல் வெஸ்ட் இண்டீஸில் இந்தியா முதன்முறையாகத் தொடரை ஜெயித்தபோது ஐந்து டெஸ்டிலும் நின்றவர் ஹைதராபாத் கிருஷ்ணமூர்த்தி. சில மாதம் கழித்து இங்கிலாந்தில், அங்கேயே கவுன்டி ஆடிக்கொண்டிருந்த என்ஜினியர் டெஸ்டுகளுக்கு மட்டும் வந்து நின்றார். கிருஷ்ணமூர்த்திக்கு அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அதே பயணத்தில் இன்னொரு இளைஞரும் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருந்தார்: சையத் கிர்மானி. 1974-லும் போனார். 1976 ஜனவரியில் ஆக்லாந்தில்தான் அவருக்கு முதல் டெஸ்ட். அடுத்த டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் ஆறு பேரை வெளியேற்றி உலக சாதனையைச் சமன் செய்தார். ஐந்து வருஷம் பூட்டி வைத்திருந்ததைத் திறந்துவிட்ட மாதிரி.

இனி பரத் ரெட்டி. சென்னைக்காரர். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1978-ல் பாகிஸ்தானுக்குக் கிர்மானியின் பின்னால் இரண்டாவது கீப்பராகப் போனவர். 1979-ல் கிர்மானியை இங்கிலாந்துக்கே எடுக்கவில்லை. இருவரைக் கூட்டிப்போனார்கள்: டெல்லி சுரீந்தர் கன்னா, சென்னை பரத் ரெட்டி. உலகக் கோப்பை ஆட்டங்களில் கன்னா நின்றார். இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்றது, இலங்கையிடம் உட்பட. பிறகு வந்த நான்கு டெஸ்டுகளிலும் ரெட்டி. அணித் தலைவர் வெங்கட்ராகவன். சென்னைத் தலைவர், சென்னை கீப்பர் என்று நம் ஊருக்கு அது ஒரு பொற்காலம். நீளம்தான் இரண்டு மாதம்.

கடைசி டெஸ்ட் ஓவலில். ஜெயிக்க 438 வேண்டும். கவாஸ்கர் 221 எடுத்து, ஊரெல்லாம் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து உட்கார்ந்திருந்த ஆட்டம். ஒரு கட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பிறகு விக்கெட்டுகள் சரிந்தன. நேரம் முடிந்தபோது ஸ்கோர் 8 விக்கெட்டுக்கு 429. இன்னும் ஒன்பது ரன் இந்தியாவுக்கு வேண்டும், இன்னும் இரண்டு விக்கெட் இங்கிலாந்துக்கு வேண்டும். களத்தில் நின்ற இருவர் கர்சன் காவ்ரியும் பரத் ரெட்டியும். ரெட்டி 5 நாட் அவுட். வயது 24.

அது செப்டம்பர் 4. வெங்கட்டின் தலைமை போய்விட்டதை நாடு திரும்பும் விமானத்தில் பைலட் அறிவித்தார் என்ற கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். கீப்பருக்கு நடந்ததை யாரும் சொல்வதில்லை. செப்டம்பர் 11-ம் தேதி ஆஸ்திரேலியாவுடன் முதல் டெஸ்ட். எங்கே? சேப்பாக்கத்தில். ரெட்டியின் சொந்த ஊரில். ஸ்டம்புக்குப் பின்னால் நின்றது கிர்மானி.

ஒரே வாரம். ரெட்டி பிடிக்காமல் விட்டார் என்று யாரும் சொன்னதில்லை. நான்கு டெஸ்டில் அவர் எடுத்த ரன் மொத்தம் 38, அவ்வளவுதான் விஷயம். கிர்மானி பொறுப்பாக ஐம்பது அறுபது எடுப்பார். அந்தத் தொடரிலேயே பம்பாயில் நைட்வாட்ச்மேனாக இறங்கிச் சதம் அடித்தார். 1980-81-ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ரெட்டி மறுபடியும் இரண்டாமவராகப் போய்வந்தார். டெஸ்ட் ஆடவில்லை. பின்னாளில் கெம்பிளாஸ்ட் நிறுவனத்தின் கிரிக்கெட்டைப் பல பத்தாண்டுகள் கட்டி மேய்த்து, சென்னை லீகில் எத்தனையோ பையன்களுக்கு வழிகாட்டினார். ஆனால் டெஸ்ட் கணக்குப் புத்தகத்தில் அவருடைய கடைசி வரி அந்த ஓவல் ஐந்து நாட் அவுட்.

"அன்ஃபேர் மாமா," என்றான் பையன். இருக்கலாம். ஆனால் கிர்மானி உள்ளே வந்ததில் அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் நல்ல கீப்பர், நல்ல ஆட்டக்காரர். ரெட்டிக்கு இல்லாமல் போனது வேறு: கீப்பராக இல்லாதபோது அணிக்குள் நிற்க ஒரு காரணம். குந்தரனுக்கு அது இருந்தது. ரெட்டிக்கு இல்லை.

இங்கிலாந்திலும் இதே கதை. நான் மேலே சொன்ன பாப் டெய்லர், கையில் கிளவுஸ் மாட்டியவர்களில் மிகச் சுத்தமானவர் என்று பெயர் வாங்கியவர். முதல்தரக் கிரிக்கெட்டில் 1,649 பேரை வெளியேற்றியது இன்றும் உலக சாதனை. 1971-ல் ஒரு டெஸ்ட் ஆடினார். அடுத்ததற்கு 1977-78 வரை காத்திருந்தார். ஏனென்றால் முன்னால் ஆலன் நாட் இருந்தார், அவருக்கு மட்டையும் பிடிக்கத் தெரியும். கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய தொடருக்கு ஆலன் நாட் போனதால்தான் டெய்லருக்குக் கதவு திறந்தது.

இப்போது தினேஷ் கார்த்திக்குக்கு வருவோம். ரெட்டிக்குக் கிடைக்காத பாடத்தை அவர் படித்தார் என்று சொல்லலாம்.

2004 செப்டம்பரில் லார்ட்ஸில் முதல் ஒருநாள் ஆட்டம். வயது 19. மைக்கேல் வானை அவர் ஸ்டம்பிங் செய்த விதத்தை இப்போது பார்த்தாலும் எப்படிக் கை அங்கே போனது என்று புரியாது. நவம்பரில் மும்பையில் முதல் டெஸ்ட், பார்த்திவ் படேலின் இடத்தில். 2005 மார்ச்சில் கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக 93. ஆனால் அடுத்த மாதமே விசாகப்பட்டினத்தில் நீளமுடி வைத்த ராஞ்சிப் பையன் ஒருவன் 148 அடித்தான். அக்டோபரில் ஜெய்ப்பூரில் 183 நாட் அவுட். 2005 டிசம்பர் 2-ம் தேதி இலங்கையோடு டெஸ்ட் தொடங்கியது. கீப்பராக மகேந்திர சிங் தோனியின் முதல் டெஸ்ட். எந்த மைதானம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1979-ல் ரெட்டிக்கு நடந்தது அப்படியே கார்த்திக்குக்கு, அதே சேப்பாக்கத்தில். மழையில் மூன்று நாள் போய், மிச்சமிருந்த நேரத்தில் தோனி 30 எடுத்தார். அந்த முப்பதுக்குப் பிறகு டெஸ்டில் ஒன்பது வருஷம் இடம் காலியாகவில்லை.

சாதாரணமாக இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். கார்த்திக் என்ன செய்தார்? கிளவுஸைக் கழற்றிவிட்டு ஆட்டக்காரராக வரிசையில் போய் நின்றார். 2007 இங்கிலாந்து தொடரை இந்தியா 1-0 என்று ஜெயித்தது. டிராவிட், டெண்டுல்கர், கங்குலி, லக்ஷ்மண் எல்லாரும் இருந்த அந்த அணியில் அதிக ரன் எடுத்தவர், தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய கார்த்திக். 263. கீப்பிங் தோனி. குந்தரனுக்கு 1967-ல் கிடைத்த அதே ஏற்பாடு, ரன்கள் மட்டும் இந்தமுறை சேர்ந்தன. அதே வருஷம் வெஸ்ட் இண்டீஸில் நடந்த உலகக் கோப்பைக்கும் போனார், ஒரு ஆட்டம்கூட இல்லை.

நான் பையனிடம் அழுத்திச் சொன்னது இதைத்தான். தோனியை முந்துவது கார்த்திக்கின் போட்டியே அல்ல. அது முடியாது என்று 2006-லேயே தெரிந்துவிட்டது. அவருடைய போட்டி பார்த்திவோடு, சாஹாவோடு, பின்னாளில் சாம்சனோடு, பந்த்தோடு. இரண்டாவது இடத்துக்கு நிற்கிறவனின் எதிரி முதல் ஆள் இல்லை, மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளை எங்கே தோற்கடிப்பது? சர்வதேச ஆட்டம் கிடைத்தால்தானே? ரஞ்சியில், முஷ்டாக் அலியில், ஐபிஎல்லில், யாரும் பார்க்காத இந்தியா ஏ பயணத்தில். கீப்பிங்கை அங்கே யாரும் மார்க் போட்டு எடுத்துவைப்பதில்லை. ரன்தான் செய்தித்தாளில் வரும்.

2018 மார்ச் 18, கொழும்பு. தோனிக்கு ஓய்வு கொடுத்திருந்த தொடர். வங்கதேசத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கார்த்திக் உள்ளே வந்தபோது 12 பந்தில் 34 வேண்டும். ரூபெல் ஹுசைன் வீசிய 19-வது ஓவரில் 22. கடைசிப் பந்தில் ஐந்து வேண்டியிருக்க, சௌம்யா சர்க்காரை கவர் பக்கம் தட்டையாகத் தூக்கி ஆறு. எட்டுப் பந்தில் 29. பதினான்கு வருஷம் உள்ளே வெளியே என்று இருந்த ஒருவரை ஊரே தோளில் தூக்கியது அன்றைக்குத்தான்.

2019 உலகக் கோப்பைக்கு இரண்டாவது கீப்பராக 21 வயது பந்தா, 33 வயது கார்த்திக்கா என்ற கேள்வி வந்தது. தலைமைத் தேர்வாளர் எம்.எஸ்.கே. பிரசாத், அவரும் ஒரு காலத்து இந்திய கீப்பர். தோனிக்கு அடிபட்டால் மட்டுமே இந்த ஆள் தேவை, அப்போது கீப்பிங் முக்கியம் என்று சொல்லி கார்த்திக்கை எடுத்தார். கையைப் பார்த்து இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்த அபூர்வமான தருணம் அது. என் கணக்கில் சரியான தீர்ப்பு. நடந்ததைப் பாருங்கள்: தவனுக்கு அடிபட்டு பந்தும் வந்து சேர்ந்தார். ஜூலை 2-ம் தேதி வங்கதேசத்துக்கு எதிராக கார்த்திக்குக்கு முதல் உலகக் கோப்பை ஆட்டம், அறிமுகமாகிப் பதினைந்தாவது வருஷத்தில். மான்செஸ்டர் அரையிறுதியில் பந்த், கார்த்திக், தோனி மூவரும் ஒரே பதினொருவரில். மூன்று கீப்பர்கள், ஒரு ஜோடி கிளவுஸ். கீப்பிங்குக்காக எடுத்த கார்த்திக் ஆட்டக்காரராக இறங்கி 25 பந்தில் 6 எடுத்துப் போனார். இந்தியா 18 ரன்னில் தோற்றது. அதுவே அவருடைய கடைசி ஒருநாள் ஆட்டம். 2022-ல் 37 வயதில் டி20 உலகக் கோப்பைக்கு முதல் கீப்பராகத் திரும்பி வந்தது தனிக் கதை. அதுவும் கடைசி ஓவர்களில் அடிப்பவர் என்ற தகுதியில்தான்.

இதெல்லாம் உச்சியில். நம் ஊர் லீகில் என்ன? டி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் டென்னிஸ் பந்து ஆடும்போது யாரும் கீப்பிங் கேட்டு வாங்குவதில்லை, மாட்டிக்கொண்டவன் நிற்பான். ஆனால் தோல் பந்துக்கு வந்து, டிவிஷன் டிவிஷனாக ஏறிப் போகிற பையனுக்குப் பதினெட்டு வயதில் ஒரு கேள்வி வரும். பெரிய நிறுவன அணியில் சேர்ந்தால் உதவித்தொகை, நல்ல வலைப்பயிற்சி, ஒருவேளை வேலை. ஆனால் அங்கே ஏற்கெனவே மாநில கீப்பர் இருப்பார். சின்ன கிளப்புக்குப் போனால் எல்லா ஆட்டத்திலும் கிளவுஸ் கிடைக்கும், தேர்வாளர் கண்ணில் படுவது கஷ்டம். அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் அப்பாக்கள் இதை கல்லூரி அட்மிஷன் ரேஞ்சுக்கு உட்கார்ந்து யோசிப்பார்கள். பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: எங்கே போனாலும் ஓப்பனிங் பேட்டிங் கற்றுக்கொள். ஆடம் கில்கிறிஸ்ட்டே சிட்னியில் இடமில்லை என்று நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் பெர்த்துக்குக் குடிபெயர்ந்துதான் கிளவுஸ் வாங்கினார். ஆஸ்திரேலிய டெஸ்ட் தொப்பி வரும்போது வயது 27 ஆகி விட்டிருந்தது. அவர் அடித்த அடியில், பிடிக்க மட்டும் தெரிந்த கீப்பர் என்ற இனமே உலகத்தில் அருகிவிட்டது. இது எனக்கு வருத்தம்தான். ஸ்டம்புக்கு அருகில் நின்று காலடியில் விழுந்து எழும் பந்தை மிருதுவாக எடுக்கும் கலையைப் பார்க்க வேண்டும் என்றால் இப்போது பழைய வீடியோக்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஜெகதீசன் இந்த அறிவுரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவர். தமிழ்நாட்டில் கார்த்திக் நிற்கும்போது ஆட்டக்காரராக ஆடினார். சிஎஸ்கேயில் 2018-லிருந்து 2022 வரை தோனிக்குப் பின்னால் உட்கார்ந்தார், விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே கிடைத்தன. 2022 நவம்பரில் சிஎஸ்கே அவரை விடுவித்தது. அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதம், ஐந்தாவது அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக பெங்களூரில் 141 பந்தில் 277. தமிழ்நாடு அன்று 2 விக்கெட்டுக்கு 506. 2024 ஜனவரியில் சண்டிகருக்கு எதிராக ரஞ்சியில் 321. லண்டன் விமானத்துக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தது இந்த ரன்கள்தான். அவர் எத்தனை ஸ்டம்பிங் செய்தார் என்று நானும் நீங்களும் பேசிக்கொண்டதுண்டா?

சேப்பாக்கமும் தன் வேலையை நிறுத்தவில்லை. நடுவில் 2001 மார்ச்சில் நயன் மோங்கியாவுக்கு அடிபட்டு, 32 வயது சமீர் டிகே முதல் டெஸ்டை இங்கே ஆடினார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 155 துரத்தியதில் விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருக்க, 22 நாட் அவுட் எடுத்து ஹர்பஜனோடு கரைசேர்த்தார். குந்தரனின் 192-ஐ 2013-ல் தோனி தாண்டியதும் இங்கேதான், 224. 2024 செப்டம்பரில் கார் விபத்திலிருந்து மீண்ட பந்த் டெஸ்டுக்குத் திரும்பிச் சதம் அடித்ததும் இங்கேதான், 109. அதற்கு ஏழு மாதம் முன்னால் ராஞ்சியில் 90-ம் 39 நாட் அவுட்டும் எடுத்து ஆட்ட நாயகனான ஜுரெல் அன்று வெளியில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஜுரெல் என்ன செய்தார் தெரியுமா? கார்த்திக் செய்ததைத்தான். 2024 நவம்பரில் இந்தியா ஏ அணிக்காக மெல்போர்னில் ரன் குவித்து, பெர்த் டெஸ்டில் ஆட்டக்காரராக நுழைந்தார். பந்த்தின் கால் முறிந்திருந்தபோது, 2025 அக்டோபரில் ஆமதாபாத்தில் 125. நவம்பரில் பந்த் திரும்பி வந்தார். கொல்கத்தா டெஸ்டில் கிளவுஸ் பந்த்திடம் போனது, ஜுரெலும் பதினொருவரில் இருந்தார். அடுத்து அடிபட்டால் கூப்பிட வேண்டிய வரிசையில் ஜெகதீசன் எங்கே நிற்கிறார் என்று அக்கா மகன் கேட்டான். இஷான் கிஷன், சாம்சன் என்று விரலை மடக்க ஆரம்பித்தேன். அதற்குள் கடைக்காரர் கிளாஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.